வெளியேறியோர் விட்டுச்சென்ற நகரங்கள்: செக் நாட்டின் பழைய ஊர்களும் மாணவர்களின் விடைபெறும் பயணமும்

1. கேள்வி

பிராக் நகரில் ஒன்றிரண்டு பருவம் படித்துவிட்டு ஊர் திரும்பும் அயல்நாட்டு மாணவர்கள், கிளம்புவதற்கு முன் குழுவாகச் சேர்ந்து பழைய ஊர்களைப் பார்த்துவருவது வழக்கம். இரண்டு மூன்று நாள் பேருந்துப் பயணத்துக்கு இப்படி ஒரு பாதை வகுக்கலாம்: பிராகுக்குக் கிழக்கே குத்னா ஹோரா, அங்கிருந்து தென்கிழக்கே மொராவியாவிலுள்ள த்ரெபீச், அதற்கு மேற்கே தெல்ச், பிறகு ஆஸ்திரிய எல்லைக்கு அருகிலுள்ள செஸ்கி க்ரும்லோவ், முடிவில் மீண்டும் பிராக். இந்த நான்கு ஊர்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பவை. தெல்சும் க்ரும்லோவும் 1992இலும், குத்னா ஹோரா 1995இலும், த்ரெபீச் 2003இலும் அதில் சேர்ந்தன.

இத்தகைய பயணங்களில் விளக்கம் பெரும்பாலும் கட்டடக்கலைப் பாணிகளின் வரிசையாகவே அமைகிறது. இது கோதிக், இது மறுமலர்ச்சிக் காலம், இது பரோக் என்று ஒவ்வொரு முகப்பும் அடையாளம் காட்டப்படுகிறது. கட்டியவர் யார், எந்த ஆண்டு என்பவற்றுக்குப் பதில் கிடைக்கிறது. அதன் பிறகு வந்த நூற்றாண்டுகளில் இவை ஏன் இடித்துக் கட்டப்படவில்லை என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. ஐரோப்பாவின் எண்ணற்ற ஊர்கள் 19ஆம் நூற்றாண்டில் மதில்களை இடித்தன, தெருக்களை அகலப்படுத்தின, தொழிற்சாலைகளை எழுப்பின. இந்த ஊர்களின் மையங்கள் மட்டும் எப்படித் தப்பின?

இந்தக் கேள்விக்கு வழங்கிவரும் விடைகளைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் முதல் நோக்கம். கிடைக்கும் விடையைக் கொண்டு, படிப்பு முடித்துக் கிளம்பும் மாணவர் இந்த ஊர்களை எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்வது இரண்டாவது நோக்கம்.

2. வழங்கிவரும் மூன்று விளக்கங்கள்

முதல் விளக்கம் போரைச் சார்ந்தது. இரண்டாம் உலகப் போரில் வார்சாவும் டிரெஸ்டனும் அழிந்த அளவுக்குச் செக் நகரங்கள் அழியவில்லை. ஆகவே அவை எஞ்சின என்பது அதன் சாரம். இதில் உண்மை உண்டு. ஆனால் பிராக் முற்றிலும் தப்பவில்லை. 1945 பிப்ரவரி 14 அன்று அதன்மேல் குண்டுகள் விழுந்து எம்மாவுஸ் மடாலயம் சிதைந்தது. அதே ஆண்டு மே மாத எழுச்சியின்போது பழைய நகர மன்றத்தின் ஒரு சிறகு எரிந்தது. மேலும், போர் நீடித்தது ஆறு ஆண்டுகள். அதற்கு முந்தைய முந்நூறு ஆண்டுகளில் ஊர்கள் ஏன் தம்மை மாற்றிக்கொள்ளவில்லை என்பதை இந்த விளக்கம் தொடவே இல்லை.

இரண்டாவது விளக்கம் அரசின் பாதுகாப்பு. 1950களிலிருந்து பழைய நகர மையங்கள் பல பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1958இலும் 1987இலும் நினைவுச் சின்னங்களுக்கான சட்டங்கள் வந்தன. இதுவும் மெய்தான். ஆனால் பாதுகாக்க ஏதேனும் எஞ்சியிருந்தால்தான் சட்டத்துக்கு வேலை.

மூன்றாவது விளக்கம் பொருளாதாரத் தேக்கம். பணம் வற்றிய ஊர் புதிதாகக் கட்டாது, அதனால் பழையது நிற்கும் என்பது அதன் வாதம். மூன்றில் இதுவே வலுவானது என்று கருதுகிறேன். ஆயினும் தேக்கம் என்ற சொல் யாரையும் குறிப்பிடாத பொதுச்சொல். பணம் தானாக வற்றுவதில்லை. தொழில் இடம் மாறுகிறது, பிரபு குடும்பம் அற்றுப்போகிறது அல்லது வேறு ஊருக்குப் போகிறது, ஒரு சமூகம் விரட்டப்படுகிறது. ஒவ்வொரு தேக்கத்துக்கும் பின்னால் ஒரு வெளியேற்றம் இருக்கிறது. அதை ஊர் ஊராகப் பார்க்கலாம்.

3. குத்னா ஹோரா: வெள்ளியும் 1409ஆம் ஆண்டின் மாணவர்களும்

13ஆம் நூற்றாண்டில் இங்கே வெள்ளி கிடைத்தது. 1300ஆம் ஆண்டில் இரண்டாம் வாட்ஸ்லாவ் அரசர் இத்தாலிய நாணயக் கைவினைஞர்களை வரவழைத்து, நாட்டின் நாணயம் அடிக்கும் பணியை இங்கே குவித்தார். பிராக் குரோஷன் என்னும் வெள்ளி நாணயம் அப்போது பிறந்தது. அது அச்சிடப்பட்ட கட்டடம் இன்றும் இத்தாலிய முற்றம் என்றே அழைக்கப்படுகிறது. சுரங்கத் தொழிலாளரின் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுத்த சுரங்கச் சட்டத் தொகுப்பையும் அந்த அரசரே வெளியிட்டார். இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவில் பிராகுக்கு அடுத்த பெரிய நகரமாக இது வளர்ந்தது.

சுரங்கங்கள் அரை கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கின. ஆழம் கூடக்கூட நீரை இறைக்கும் செலவும் கூடியது. 16ஆம் நூற்றாண்டில் பெரிய சுரங்கங்களில் நீர் புகுந்தது. அதே நூற்றாண்டில் பொஹீமியாவின் யாகிமோவ் சுரங்கமும், கடல் கடந்து வந்த அமெரிக்க வெள்ளியும் போட்டிக்கு நின்றன. 1547இல் குரோஷன் அடிப்பது நின்றது. 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நாணயச்சாலையே மூடப்பட்டது. 1845இல் பிராகையும் ஒலொமோட்ஸையும் இணைத்த இருப்புப் பாதை, சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளியுள்ள கொலீன் வழியாகப் போனது. தொழிற்சாலைகள் கொலீனுக்குப் போயின. குத்னா ஹோராவின் தெருக்கள் இடிபடாமல் நின்றதற்கு இந்த இழப்புகளின் தொடர்ச்சியே முதன்மைக் காரணம்.

அயலிலிருந்து படிக்க வந்த மாணவர் இங்கே அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு நிகழ்வு உண்டு. 1348இல் நான்காம் சார்லஸ் நிறுவிய பிராக் பல்கலைக்கழகம், ஆல்ப்ஸுக்கு வடக்கே, பாரிசுக்குக் கிழக்கே எழுந்த முதல் பல்கலைக்கழகம். அதன் ஆசிரியர்களும் மாணவர்களும் பொஹீமியர், பவேரியர், சாக்சனியர், போலந்தியர் என நான்கு பிரிவுகளாக அமைந்திருந்தனர்; ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வாக்கு. அயலவரே மூன்று பிரிவுகளில் இருந்ததால் அவர்கள் கையே ஓங்கியிருந்தது. திருச்சபைப் பிளவில் தாம் எடுத்த நிலைக்குப் பல்கலைக்கழகத்தின் ஆதரவைத் தேடிய நான்காம் வாட்ஸ்லாவ் அரசர், 1409 ஜனவரி 18 அன்று குத்னா ஹோராவிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தார். இனிப் பொஹீமியப் பிரிவுக்கு மூன்று வாக்கு, மற்ற மூன்றுக்கும் சேர்த்து ஒரு வாக்கு. அதை ஏற்க மறுத்த ஜெர்மானிய ஆசிரியர்களும் மாணவர்களும் பிராகைவிட்டு வெளியேறினர். அவர்களில் பலர் சேர்ந்து அதே ஆண்டில் லைப்சிக் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தனர். சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் பிராக் பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

செக் தேசிய வரலாற்றெழுத்தில் இந்த ஆணை சொந்த மண்ணின் உரிமையை மீட்ட செயலாகப் போற்றப்பட்டது. ஜெர்மன் தரப்பில் அது பரந்த உலகத் தொடர்பைத் துண்டித்த செயலாகக் கண்டிக்கப்பட்டது. இரண்டுமே 19ஆம் நூற்றாண்டு மொழித் தேசியத்தைப் பின்னோக்கி ஏற்றிப் பார்ப்பவை. அன்றைய பிரிவுகள் மொழியைவிடப் பிறந்த நிலப்பகுதியையே அடிப்படையாகக் கொண்டவை. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அயல் மாணவர்கள் போன பிறகு பிராக் பல்கலைக்கழகம் ஐரோப்பிய மையம் என்ற நிலையிலிருந்து இறங்கி ஒரு நாட்டின் நிறுவனமாகச் சுருங்கியது.

4. தெல்ச்: வாரிசற்றுப்போன மறுமலர்ச்சி

தெல்சின் நீண்ட சதுக்கத்தைச் சுற்றி வளைவுத் தாழ்வாரங்களோடு வரிசையாக நிற்கும் வீடுகள் ஒரே கையால் வரையப்பட்டவைபோல் தோன்றும். அந்த ஒருமைக்குக் காரணம் ஒரு பேரழிவு. 1530இல் ஊர் எரிந்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதன் பிரபுவான ஹ்ராதெட்ஸ் குடும்பத்துச் சகரியாஷ், இத்தாலியக் கைவினைஞர்களைக் கொண்டு கோட்டையை மறுமலர்ச்சிப் பாணியில் திருத்தி அமைத்தார். அதைப் பார்த்து ஊராரும் தம் வீடுகளின் முகப்புகளை மாற்றினர். பின்னாளில் சில முகப்புகள் பரோக் அலங்காரம் பெற்றன; வீடுகளின் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

சகரியாஷுக்கு ஆண் வாரிசு இல்லை. 1604இல் அந்தக் குடும்பமே அற்றுப்போய் உடைமைகள் ஸ்லவாத்தா குடும்பத்துக்குச் சென்றன. அதன் பிறகு இந்த ஊரை மீண்டும் அடியோடு மாற்றும் ஆசையும் பணமும் ஒருங்கே கொண்ட பிரபு வரவில்லை. மும்முனையில் சூழ்ந்த மீன்வளர்ப்புக் குளங்கள் ஊர் பரவுவதைத் தடுத்தன. முதன்மை இருப்புப் பாதை எதுவும் இதைத் தொடவில்லை. தெல்சின் அழகு ஒரு தலைமுறையின் செல்வத்தால் உருவாகி, அதற்கடுத்த பல தலைமுறைகளின் வறுமையால் காக்கப்பட்டது.

5. த்ரெபீச்: காக்கப்பட்ட தெருக்கள், காக்கப்படாத மக்கள்

த்ரெபீச்சில் யிஹ்லாவா ஆற்றுக்கும் குன்றுக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும் யூதக் குடியிருப்பு, புனித புரோகோபியஸ் பெருங்கோயிலோடு சேர்த்து 2003இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இஸ்ரேலுக்கு வெளியே யூதச் சின்னம் ஒன்று தன் மதிப்புக்காகவே பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல் முறை.

இங்கே வெளியேற்றம் இரண்டு கட்டங்களில் நடந்தது. 1848 புரட்சிக்குப் பின் ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் யூதர்கள் விரும்பிய இடத்தில் குடியேறும் உரிமை பெற்றனர். வாய்ப்பைத் தேடி வியன்னாவுக்கும் புர்னோவுக்கும் பலர் போயினர். அது தாமே விரும்பி மேற்கொண்ட இடப்பெயர்வு. காலியான வீடுகளில் ஏழைக் கிறித்தவக் குடும்பங்கள் குடியேறின. எஞ்சிய சுமார் முந்நூறு யூதர்களை நாஜிகள் 1942இல் நாடு கடத்தினர். திரும்பியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களால் ஒரு சமூகமாக மீண்டும் வேரூன்ற முடியவில்லை.

போருக்குப் பின் அந்தக் குடியிருப்பு பாழடைந்தது. 1970களில் அதை முழுவதும் இடித்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுப்பத் திட்டமிடப்பட்டது. திட்டம் நிறைவேறாததால் அது எஞ்சியது. அரசுப் பாதுகாப்பே அனைத்தையும் காத்தது என்ற விளக்கத்துக்கு இது நேரான மறுப்பு. ஏறத்தாழ 120 வீடுகளும் இரண்டு வழிபாட்டு இல்லங்களும் சுமார் 3,000 கல்லறைக் கற்கள் கொண்ட இடுகாடும் இன்று நன்கு பேணப்படுகின்றன. அவற்றைக் கட்டியவர்களின் சந்ததியினர் அங்கே இல்லை. சுவர்களைக் காப்பதும் மக்களைக் காப்பதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் இந்தப் பாதையில் இல்லை.

6. செஸ்கி க்ரும்லோவ்: நான்கு வெளியேற்றங்கள்

வல்தாவா ஆற்றின் வளைவுகளுக்குள் அமைந்த க்ரும்லோவ் எல்லாப் பயணத் திட்டங்களிலும் உச்சமாக வைக்கப்படுகிறது. இந்த ஊரின் வரலாற்றில் நான்கு வெளியேற்றங்களைப் பிரித்துக் காட்டலாம்.

முதலாவது, ஆண்டவர்களுடையது. 1302இலிருந்து மூன்று நூற்றாண்டுகள் இதை ஆண்ட ரோஷம்பெர்க் குடும்பத்தின் கடைசிப் பிரபு பெத்ர் வோக், கடன் சுமையால் இதைப் பேரரசர் இரண்டாம் ருடோல்ஃபிடம் விற்றுவிட்டு த்ரெபோனுக்குக் குடிபெயர்ந்தார். பிறகு எக்கென்பெர்க் குடும்பமும், 1719இலிருந்து ஷ்வார்சன்பெர்க் குடும்பமும் ஆண்டன. ஷ்வார்சன்பெர்க் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் ஹ்லுபோகாவிலுள்ள கோட்டையை ஆங்கிலப் பாணியில் புதுப்பித்து அங்கே குடியேறியது. ஹ்லுபோகா உருமாறியது, க்ரும்லோவ் அப்படியே விடப்பட்டது. 1760களில் புதுப்பிக்கப்பட்ட கோட்டை அரங்கின் திரைகளும் மேடைப் பொறிகளும் உடைகளும் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு இந்தக் கைவிடலே காரணம்.

இரண்டாவது, வணிகப் பாதையுடையது. செஸ்கே புதெயோவிட்ஸையும் லின்ஸையும் இணைத்து 1832இல் முழுமையடைந்த குதிரை இருப்புப் பாதை ஐரோப்பியப் பெருநிலத்தின் முன்னோடிகளுள் ஒன்று. அது க்ரும்லோவைத் தொடாமல் அதற்குக் கிழக்கே சென்றது. ரயில் இந்த ஊரை அடைந்தது 1891இல்தான். ஓவியர் எகான் ஷீலே, தம் தாய் பிறந்த இந்த ஊரை ‘இறந்த நகரம்’ என்ற தலைப்பில் அக்காலத்தில் வரைந்தார். ஓர் ஓவியரின் மனநிலையை அப்படியே பொருளாதாரச் சான்றாகக் கொள்ள முடியாது. எனினும் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே இந்த ஊர் தேங்கிய இடமாகப் பார்வைக்குப் பட்டது என்பதற்கு அது துணைச் சான்று. 1911இல் அங்கே வாழ வந்த ஷீலே, ஊராரின் எதிர்ப்பால் அதே ஆண்டில் வெளியேறினார்.

மூன்றாவது, மக்களுடையது. இங்கே பெரும்பான்மையினர் ஜெர்மன் பேசியவர்கள். 1938இன் மியூனிக் ஒப்பந்தத்தால் ஊர் ஜெர்மனியோடு சேர்க்கப்பட்டது. செக் மக்கள் பலர் உள்நாட்டுப் பகுதிகளுக்குத் தப்பிப் போயினர். போர் முடிந்ததும் நிலை தலைகீழானது. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து சுமார் 30 லட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டபோது க்ரும்லோவின் பெரும்பான்மையும் போயிற்று. அந்த வெளியேற்றத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கை நெடுங்காலம் அரசியல் சர்ச்சையாக இருந்தது. செக், ஜெர்மன் வரலாற்றாசிரியர்களின் கூட்டு ஆணையம் 15,000 முதல் 30,000 வரை என்ற மதிப்பீட்டை முன்வைத்தது. நாஜி ஆக்கிரமிப்பின் கொடுமையை நினைவில் வைத்தே இதைப் பேச வேண்டும். அந்தக் கொடுமைக்கான பொறுப்பை ஒரு மொழி பேசும் அனைவர்மீதும் ஏற்றியது நீதியாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காலியான வீடுகளில் உள்நாட்டிலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் வந்தவர்கள் குடியேறினர். ரோமா மக்களும் அவர்களுள் அடக்கம். 1963இல் நகர மையம் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. ஆயினும் வீடுகள் பெரும்பாலும் 1989க்குப் பிறகே சீர்பெற்றன.

நான்காவது வெளியேற்றம் நம் காலத்தில் நடப்பது. சுமார் 13,000 பேர் வாழும் இந்த ஊருக்கு ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். மையத்து வீடுகள் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாற, குடியிருந்தவர்கள் புறப்பகுதிகளுக்குப் போகின்றனர். 2018இல் கலைஞர் கதேரினா ஷேதா, வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியின் செக்–ஸ்லோவாக்கிய அரங்குக்காக ஒரு செயல்திட்டத்தை இங்கே நடத்தினார். குடும்பங்களுக்கு வீடும் ஊதியமும் கொடுத்து, கோடை மாதங்களில் மையத்தில் இயல்பான வாழ்க்கை வாழச் சொன்னார். துணி உலர்த்துவதும் தெருவில் பிள்ளைகள் விளையாடுவதும் ஊதியத்துக்குச் செய்ய வேண்டிய வேலையாகிவிட்ட நிலையை அது உலகுக்குக் காட்டியது. 2019இல் நகராட்சி சுற்றுலாப் பேருந்துகளுக்கு முன்பதிவையும் கட்டணத்தையும் கட்டாயமாக்கியது. மாணவர் குழுவின் பேருந்தும் இந்தக் கணக்கில் சேரும்.

7. எதிர்ச் சான்று: மோஸ்ட்

வெளியேற்றமே பழமையைக் காக்கும் என்று இதிலிருந்து முடிவு கட்டினால் பிழையாகும். வடக்குப் பொஹீமியாவின் மோஸ்ட் நகரம் அந்த முடிவைத் தகர்க்கிறது. அங்கும் போருக்குப் பின் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். ஆனால் ஊருக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. அரசு 1960களில் தொடங்கி இடைக்கால நகரம் முழுவதையும் இடித்து நிலக்கரி எடுத்தது. மக்களைப் புதிய அடுக்குமாடிகளுக்கு மாற்றியது. பெரிய கட்டடம் ஒன்று தப்பியது. 16ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய கோதிக் தேவாலயத்தை 1975இல் தண்டவாளங்களின்மேல் 841 மீட்டர் நகர்த்தி வைத்தனர். நிமிடத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் வேகம். நான்கு வாரப் பணி. எல்லைப் பகுதியில் நூற்றுக்கணக்கான ஜெர்மானியக் கிராமங்களும் ஆளின்றிப் பாழாகி மறைந்தன.

ஆகவே சான்றுகள் இப்படித்தான் ஒன்றுசேர்கின்றன. மக்களும் பணமும் வெளியேறியதால் மாற்றத்தின் நெருக்கடி குறைந்தது. அது ஒரு வாய்ப்பை மட்டுமே தந்தது. அந்த வாய்ப்பை நிலைநிறுத்தியது, இந்தக் கட்டடங்கள் மதிப்புள்ளவை என்று பின்னர் சிலர் எடுத்த முடிவு. மண்ணுக்கடியில் அதைவிட விலையுள்ள ஒன்று இருந்த இடத்தில் அந்த முடிவு எடுக்கப்படவில்லை.

எஞ்சியவையும் முற்றிலும் பழையவை அல்ல. 1388இல் தொடங்கிய குத்னா ஹோராவின் புனித பார்பரா தேவாலயம் இன்றைய வடிவில் முடிந்தது 1905இல். அதே ஊரிலுள்ள செட்லெட்ஸ் எலும்புக்கூடத்தின் புகழ்பெற்ற அமைப்பு பிரான்டிஷெக் ரின்ட் 1870இல் செய்தது. 1945இல் சிதைந்த ஒலொமோட்ஸ் வானியல் கடிகாரம், 1950களில் தொழிலாளர் உருவங்களோடு மீண்டும் எழுப்பப்பட்டது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டிய பழமையைத் தானே ஆக்கிக்கொண்டிருக்கிறது.

8. மாணவர் எதைப் பார்க்க வேண்டும்

படிப்பு முடித்துக் கிளம்பும் மாணவர் வெளியேறுதலின் பொருளைத் தன் அனுபவத்தில் ஓரளவு அறிந்தவர். ஆயினும் அவருடைய வெளியேற்றம் தேதி குறித்தது, திரும்பிப் போக வீடு உள்ளது, மீண்டும் வரவும் வழியுள்ளது. 1409இல் போனவர்கள் வேறொரு பல்கலைக்கழகத்தைக் கட்டினர். 1942இல் போனவர்களுக்கு எதுவும் எஞ்சவில்லை. இந்த வேறுபாடுகளை அறிவதே இப்பயணம் தரக்கூடிய கல்வி.

பிராக் பல்கலைக்கழகத்தின் கதையிலும் இந்த இழை தொடர்கிறது. 1939 நவம்பர் 17 அன்று நாஜிகள் செக் உயர்கல்வி நிறுவனங்களை மூடி, மாணவர் இயக்கத்தினர் ஒன்பது பேரைக் கொன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சாக்சன்ஹவுசன் முகாமுக்கு அனுப்பினர். அதே தேதியில் 1989இல் மாணவர் ஊர்வலம் ஒன்று ஆட்சி மாற்றத்தைத் தொடங்கிவைத்தது. தமிழ் வாசகர்கள் அறிந்த கமில் சுவெலபில் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் அங்கே தமிழ் கற்பித்தவர். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையில் நடந்த படையெடுப்புக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறினார். முருகனின் பெயரைத் தலைப்பில் தாங்கிய அவரது தமிழிலக்கிய வரலாற்று நூல் 1973இல் வெளிவந்தது நெதர்லாந்தின் லெய்டனில். அவரைப் போன்றோர் போன பின்னும் யாரோஸ்லாவ் வாட்செக் பிராகில் தமிழாய்வைத் தொடர்ந்தார். தங்கியவர்களின் உழைப்பும் இந்த வரலாற்றில் சம இடம் பெறத் தக்கது.

9. முடிவு

செக் நாட்டின் பழைய ஊர்களைப் பாணிகளின் காட்சிக்கூடமாக மட்டும் காட்டும் பயணம், கட்டியவர்களுக்கு மரியாதை செய்கிறது, இழந்தவர்களை விட்டுவிடுகிறது. வெளியேற்றங்களின் வரிசையில் அதே பாதையை அமைப்பது கடினமன்று. குத்னா ஹோராவில் தேவாலயத்துக்குப் போகும் முன் இத்தாலிய முற்றத்தில் நின்று 1409ஐப் பேசலாம். த்ரெபீச்சில் தெருக்களோடு இடுகாட்டுக்கும் நேரம் ஒதுக்கலாம். க்ரும்லோவில் 1945க்கு முன் இங்கே யார் இருந்தார்கள், இன்று யார் இருக்கிறார்கள் என்ற இரு கேள்விகளையும் கேட்கலாம். மோஸ்டையும் பாதையில் சேர்க்கலாம். அழகில்லாத அந்த ஊர் மற்ற நான்கின் அழகையும் விளக்கும்.

நடைமுறையில் இன்னொரு கடமையும் உண்டு. சில மணி நேரத்தில் வந்து படமெடுத்துப் போகும் குழு, க்ரும்லோவின் நான்காவது வெளியேற்றத்தை விரைவுபடுத்துகிறது. ஓர் இரவேனும் தங்குவதும், உள்ளூரார் நடத்தும் இடத்தில் உண்பதும், கூட்டமில்லாத பருவத்தில் போவதும் அந்த அழுத்தத்தை ஓரளவு குறைக்கும். பயணத் திட்டம் வகுக்கும் பல்கலைக்கழகங்கள் இதைத் தம் பாடத்தின் பகுதியாகவே கொள்ள வேண்டும். இந்த ஊர்கள் நிலைத்ததற்குப் பிறர் கொடுத்த விலையை அறிந்தவர், அங்கே இன்றும் குடியிருப்பவர்களிடம் அடுத்த விலையைக் கேட்கக் கூடாது.